யார் விருந்து?

கும்மிடிப்பூண்டி வட்டத்தில், பழவேற்காட்டு ஏரியின் மேற்குக் கரையோரமாக அமைந்திருப்பது சுண்ணாம்புக்குளம் என்னும் ஊர். பெயரைக் கேட்ட அளவில் கிளிஞ்சலும் சூளையும் நினைவுக்கு வருவதே இயல்பு. எனக்கோ நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பெயர் ஓர் இராச் சாப்பாட்டைத்தான் நினைவூட்டி வருகிறது. மார்கழிப் பனி ஏரியின்மேல் இறங்கத் தொடங்கி, வலசை வந்த பூநாரைகள் முழங்காலளவுத் தண்ணீரில் ஒற்றைக் காலூன்றி உறங்கப் போகும் வேளையில், கிறிஸ்து பிறந்த நாளாகிய டிசம்பர் 25ஆம் தேதி, அங்கே ஒரு வீட்டின் கூடத்தில் பாய் விரித்து, பழைய நண்பர்கள் சிலர் வரிசையாக உட்கார்ந்து இலை போட்டு உண்போம். இளமையில் சென்னையில் ஒரே விடுதியில் தங்கி, ஒரே அடுப்பில் வெந்த சோற்றைப் பழித்துக்கொண்டே மூன்றாண்டு தின்றவர்கள் நாங்கள். அந்தச் சோறு தந்த பந்தம்தான் இன்னும் அறாமல் இருக்கிறது.

அழைப்பவர் பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். மீனவக் குடும்பத்தில் பிறந்த கத்தோலிக்கர். ஊரார் வாத்தியார் என்பதால் நாங்களும் வாத்தியார் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வருகிறவர்களுள் ஒருவர் பழவேற்காட்டில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நண்பர். எல்லாருக்கும் அவர் பாய். இன்னொருவர் பொன்னேரியில் வசிக்கும் வைஷ்ணவர். நெற்றியில் துலங்கும் நாமமே அவருக்குப் போதுமான அறிமுகமாதலால் சுவாமி என்போம். மற்றொருவர் சென்னையிலிருந்து வருகிற புராட்டஸ்டண்டுக் கிறிஸ்தவர். எதற்கெடுத்தாலும் வேத வசனத்தை எடுத்து நீட்டும் வழக்கமுடையவராதலின், உபதேசியார் என்ற பட்டம் அவருக்கு விடுதி நாளிலேயே சூட்டப்பட்டுவிட்டது. சைவக் குடும்பத்தில் பிறந்து, திருநீறு பூசிய நாளும் பூசாத நாளும் சரிபாதியாகக் கழித்துவிட்ட நான் ஒருவன்.

எங்கள் விருந்தில் ஆண்டு தவறாமல் நடக்கிற வழக்கு ஒன்று உண்டு. வாத்தியாரின் மனைவிக்கு, ஏரி மீனை விருந்தாளிக்கு வைப்பது கௌரவக் குறைவு. “தினம் திங்கறதையே நல்ல நாளுக்கும் வைக்கறதா, அண்ணா?” என்று கேட்பார். பண்டிகையென்றால் ஆட்டுக்கறி என்பது அவர் பிறந்த குப்பத்தின் சம்பிரதாயம். பட்டணத்திலிருந்து போகிறவர்களுக்கோ ஆட்டுக்கறி எந்தத் தெருவிலும் கிடைக்கும். நண்டும் மடவையும் இறாலும் ஏரிக்கரையில் உண்பதே விசேஷம். முடிவில் இரண்டும் சமைக்கப்படும். ஆடு பாயின் மார்க்கத்துக்கு உகந்தபடி அறுக்கப்பட்டதாக இருக்கும். சுவாமிக்குத் தனி அடுப்பில், தனிப் பாத்திரத்தில், சாம்பாரும் வாழைக்காய் வறுவலும் ஆகும். இறால் மட்டும் அன்று மாலையே கொல்லைப்புற வாசலுக்கு வந்து சேரும். சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் குடியைச் சேர்ந்த ஒருத்தி, பனையோலைப் பறி நிறையக் கொண்டுவந்து கொட்டி, காசை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விடுவாள். வலையும் படகும் இன்றி, பறியைப் பல்லில் கடித்தபடி, தண்ணீரில் மணிக்கணக்காகக் குனிந்து பிடித்த அந்த இறாலின் ருசி வலை இறாலுக்கு வராது என்பது வாத்தியாரின் தீர்மானமான அபிப்பிராயம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் ஆண்டு, பரிமாறி முடிந்து கையை இலையில் வைக்கப்போன சமயத்தில், உபதேசியார் சிரித்த முகத்தோடு ஒரு கேள்வியைப் போட்டார். “வாத்தியாரே, உம்முடைய ஆண்டவர் செய்யாதே என்று விலக்கிய காரியத்தை அவர் பிறந்த நாளிலேயே செய்கிறீரே, இது நியாயமா?” என்றார். லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 14ஆம் அதிகாரத்தை அவர் கருதினார். பரிசேயத் தலைவன் ஒருவன் வீட்டில் ஓய்வுநாள் விருந்துக்குப் போயிருந்த இயேசு, அழைத்த அந்த மனிதனைப் பார்த்தே, விருந்து செய்யும்போது நண்பரையும் உறவினரையும் வசதியுள்ள அயலாரையும் அழைக்க வேண்டாம், அவர்கள் திரும்ப உன்னை அழைத்துக் கணக்கைத் தீர்த்துவிடுவார்கள், ஏழைகளையும் ஊனமுற்றோரையும் பார்வையற்றோரையும் அழை, அவர்களிடம் திருப்பித் தர ஒன்றும் இல்லை என்று சொன்னதாக அந்த அதிகாரம் கூறுகிறது. ஒருவன் வீட்டு உணவை உண்டுகொண்டே, அவன் அழைத்த முறை பிழையென்று அவன் முகத்துக்கெதிரே சொல்வதற்கு எத்தகைய நெஞ்சுரம் வேண்டும் என்பதை எண்ணினாலே, அந்த வார்த்தை வெறும் உபசாரமாகச் சொல்லப்பட்டதன்று என்பது விளங்கும்.

நம் நாட்டில் மொய்ப்பணம் எழுதும் நோட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த வாக்கியத்தின் கூர்மை மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே உறைக்கும். யார் வீட்டுக் காதுகுத்துக்கு நாம் என்ன வைத்தோம், நம் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர் என்ன வைத்தார் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பத்திரப்படுத்தப்படுகிற தேசம் இது. செய்முறை என்ற சொல்லிலேயே முறை என்னும் கணக்கு ஒளிந்திருக்கிறது. நாங்கள் நோட்டு எழுதவில்லை என்பது உண்மையே. ஆனால் பொங்கலுக்குச் சுவாமி வீட்டிலும், பெருநாளுக்குப் பாய் வீட்டிலும் நாங்கள் தவறாமல் உண்டுவந்தோமே, அதுவும் ஒரு நோட்டுத்தானே என்று எனக்கு அப்போது தோன்றியது.

வாத்தியார் அயர்ந்துபோகவில்லை. “அப்படியானால் அவர் கடைசியாக உண்ட இராப்போஜனம் யாரோடு? தெருவில் போனவர்களோடா? மூன்று வருஷம் கூடவே திரிந்த பன்னிரண்டு பேரோடுதானே?” என்று திருப்பிக் கேட்டார். அது மறுக்க முடியாத பதில். அந்த இரவில்தான் அவர் சீடர்களை ஊழியர் என்று சொல்லாமல் நண்பர் என்று அழைத்ததாக யோவானின் சுவிசேஷமும் கூறுகிறது. உபதேசியார் விடவில்லை. “அந்தப் பன்னிருவரில் ஒருவன் பந்தியிலிருந்து எழுந்துபோய்க் காட்டிக்கொடுத்தான் என்பதையும் சொல்லும்” என்றார். பாய்தான் குறுக்கே புகுந்து, “இங்கே அந்த வேலை யாருக்கு என்பதைச் சாப்பிட்டு முடித்ததும் சீட்டுக் குலுக்கிப் பார்த்துக்கொள்ளலாம்; இப்போது கறி ஆறுகிறது” என்று வழக்கை ஒத்திவைத்தார்.

ஒத்திவைத்த வழக்கு என் மனத்தைவிட்டுப் போகவில்லை. ஊருக்குத் திரும்பிய பின்னர், விருந்து என்ற சொல்லையே எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். தமிழில் அச்சொல்லுக்கு ஆதியில் புதுமை என்பதே பொருள். தொல்காப்பியர் செய்யுளுக்கு வகுத்துக் கூறிய எட்டு வனப்புகளில் விருந்தும் ஒன்று. புதிதாகப் புனையப்படும் செய்யுளை அது குறிக்கிறது. பழங்கதையைத் தழுவி வருகிற தொன்மையும் அதே எட்டில் ஒன்று. புதியதற்குப் பெயராயிருந்த சொல், பின்பு புதிதாய் வந்தவனுக்குப் பெயராகி, அதன்பின் அவனுக்கு இடுகிற சோற்றுக்கும் பெயராயிற்று. ஆகவே தமிழ்ச் சொல்லின் நேர்ப்பொருளை வைத்துப் பேசினால், நாற்பதாண்டுப் பழக்கமுள்ளவனுக்குப் போடுகிற சோறு எதுவாக இருந்தாலும் விருந்தாகாது. வள்ளுவரும் இந்த வேற்றுமையை அறிந்தே வைத்தார் போலும். விருந்தோம்பலை அவர் இல்லறவியலில், அறத்துப்பாலில் வைத்தார். நட்பையோ பொருட்பாலுக்குக் கொண்டுபோனார். முன்பின் அறியாதவனுக்குச் சோறிடுவது அறம். அறிந்தவனோடு கூடி இருப்பது வாழ்வுக்குத் துணை. கலிலேயாவின் தச்சன் மகனும் நம் குறளாசிரியரும் இந்த ஓரிடத்தில் ஒரே வரப்பின்மேல் நிற்கிறார்கள் என்று நான் அடுத்த ஆண்டு சொன்னபோது, உபதேசியாருக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத்தில் காட்ட இயலாது.

சுவாமி மட்டும் ஓர் ஆட்சேபம் சொன்னார். படிக்கப் படிக்க ஒரு நல்ல நூலின் நயம் மேன்மேலும் புலப்படுவதைப் பண்புடையவரின் தொடர்புக்கு உவமையாகக் கூறியவரும் அதே வள்ளுவர்தான். நாளுக்கு நாள் புதிதாகத் தோன்றுகிறவனை விருந்து என்று அழைத்தால் தொல்காப்பியர் கோபிப்பாரா என்று கேட்டார். அழகான யுக்தி. ஆனால் யுக்தியின் அழகு வேறு, நியாயம் வேறு. எங்களில் எவரும் மற்றவருக்குப் புதிதாகத் தோன்றி நெடுநாளாயிற்று. வாத்தியார் எந்த இடத்தில் எந்தக் கதையைத் தொடங்குவார், அதற்கு அவர் மனைவி எந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்பது கூடப் பாடம்.

சேர்ந்துண்பது என்பது இவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்பவர் உண்டு. கிறிஸ்தவ சமயத்தின் முதல் பெரும் சச்சரவுகளில் ஒன்று இதைப் பற்றியதே. அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு தயக்கமின்றி உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்து சேர்ந்ததும் மெல்லப் பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். பவுல் அதை எல்லார் முன்னிலையிலும் கண்டித்ததாகக் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் தாமே சொல்கிறார். அந்தச் சச்சரவு கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்கு வந்தபோது சாதி என்ற வேறொரு உருவத்தை எடுத்துக்கொண்டது. கல்கத்தாவின் அத்தியட்சராயிருந்த டானியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாதென்று 1833-இல் கட்டளை பிறப்பித்தார். தஞ்சையிலும் பிற இடங்களிலும் பலர் ஆலயத்தைவிட்டே விலகினார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரைப் போன்ற பெரும் பக்தரே அக்காலத்துப் புதிய பாதிரிமாரின் கண்டிப்பை ஏற்காமல் எதிர்த்து எழுதியவர் என்பதை நினைத்தால், உள்ளே எவ்வளவு ஆழத்தில் அந்த வேர் ஓடியிருந்தது என்பது தெரியும். மதுரையில் அமெரிக்க மிஷனார் 1847-இல் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். சாதியை விட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, எல்லாரும் கூடி உண்ணுகிற அன்பின் விருந்தில் உட்கார்ந்து உண்டு காட்டவேண்டும் என்றார்கள். மறுத்த உபதேசியார் பலர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்கள்.

எங்கள் உபதேசியாரின் முன்னோர் ஒருவர் அவ்வாறு வேலையிழந்தவர்களுள் ஒருவர் என்பது அவர் குடும்பத்தில் வழங்கும் கதை. அதைச் சொல்லும்போது அவருடைய குரலில் வெட்கமும் பரிவும் ஒன்றாகக் கலந்திருக்கும். முன்னோர் செய்தது பிழை என்பதில் அவருக்கு ஐயமில்லை. சக மனிதன் தொட்ட சோற்றைத் தள்ளிவிட்டு, அந்த மனிதனுக்காகவும் இரத்தம் சிந்தியவரைப் பிரசங்கித்திருக்க முடியாது. ஆனால் சம்பளத்தை ஒரு தட்டிலும் சோற்றை மறு தட்டிலும் வைத்துத் தராசைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இதற்கு அன்பு என்று பெயரிட்டவர்களிடமும் ஒரு பிழை இருந்தது என்றே நான் நினைக்கிறேன். சேரன்மாதேவிக் குருகுலத்தில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியே சோறிட்டதை முன்னிட்டு 1924, 1925 ஆண்டுகளில் வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் எழுப்பிய கிளர்ச்சி இந்த வகையில் நேர்மையானது. அவர்கள் அன்பைக் கேட்கவில்லை, பொதுப் பணத்தில் நடக்கும் இடத்தில் சமநீதியைக் கேட்டார்கள். நீதியை நிர்ப்பந்திக்கலாம், நிர்ப்பந்திக்கவும் வேண்டும். அன்பின் விருந்தைப் பரீட்சையாக வைத்தவர்களோ, நண்பர்களால் மாத்திரம் இயலக்கூடிய ஒன்றை அந்நியர்களிடம் ஆணையிட்டுப் பெறப் பார்த்தார்கள்.

எங்களுள் பரீட்சை வைப்பார் எவரும் இல்லை. உபதேசியார் கோயில் பிரசாதத்தை வாங்கிக்கொள்ள மாட்டார். விக்கிரகம் ஒன்றுமில்லை என்று அறிந்தவன் உண்ணலாம், ஆயினும் பலவீனமான சகோதரனின் மனச்சாட்சி புண்படுமானால் விலக்குவதே நன்று என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை வைத்துக்கொண்டு, தாம்தான் அந்தப் பலவீனமான சகோதரன் என்று அவரே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்வார். சுவாமி தரும் புளியோதரையை, பெருமாளுக்குக் காட்டுவதற்கு முன்பே ஒரு பிடி தனியாக எடுத்து வைத்திருந்தால் உண்பார். சுவாமியின் வீட்டில் அப்படி எடுத்து வைக்கிறார்கள். ஆசாரம் மிகுந்த ஒரு வீட்டில், நைவேத்தியத்துக்கு முன்னே ஒரு மனிதனுக்காகச் சோறு எடுத்து வைப்பது எவ்வளவு பெரிய விட்டுக்கொடுத்தல் என்பது வைதிகர்களுக்குத்தான் தெரியும்.

உண்ணாமல் இருந்தும் பந்தியில் இருக்கலாம் என்பதை எனக்குக் கற்பித்தவை சில ஆண்டுகள். 1998, 1999, 2000 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ச்சியாக ரமலான் மாதத்திலேயே கிறிஸ்துமஸ் வந்தது. பாயின் நோன்பை முன்னிட்டு அம்மூன்று ஆண்டும் பந்தியின் நேரம் மாற்றப்பட்டது. பொழுது சாயும் முன்பே எல்லாரும் இலையின்முன் அமர்ந்து, பேசாமல் மேற்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாய் பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் வைத்த பின்னரே மற்றவர்கள் கை நனைத்தோம். கிறிஸ்து பிறப்பின் உணவு எது, நோன்பு திறக்கும் உணவு எது என்று பிரித்துச் சொல்ல யாராலும் ஆகாது. பிறகு 2020-இல், சரியாக டிசம்பர் 25ஆம் தேதியே வைகுண்ட ஏகாதசியும் வந்தது. சுவாமி அன்று பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் கொள்பவரல்லர். வரமாட்டார் என்றே எண்ணினோம். வந்தார், பெருந்தொற்றுக் காலமாதலால் வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொண்டு வந்தார், எல்லாருக்கும் இலை போட்டு, சோறும் குழம்பும் தம் கையாலேயே பரிமாறினார். பிறந்தது முதல் மாமிசத்தைத் தொட்டறியாத அந்தக் கை, கரண்டியில் ஆட்டுக்கறியை எடுத்துப் பாயின் இலையில் வைத்தபோது, “சாமி, எலும்பாப் பார்த்து வைக்கிறீங்களே” என்று பாய் சொன்ன பரிகாசம் இல்லாமற்போயிருந்தால் எங்களில் ஒருவராவது கண் கலங்கியிருப்போம்.

இவ்வளவும் சொன்ன பிறகும் லூக்காவின் வாக்கியம் இருந்த இடத்தில் இருக்கிறது. அன்பு மிகுந்த வட்டமானாலும் வட்டம் வட்டமே. பழவேற்காட்டு ஏரியில் பாடு என்றொரு முறை உண்டு. முகத்துவாரத்தை அடுத்த நல்ல மீன்பிடி இடங்களைப் பாடுகளாகப் பிரித்து, கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் என்னும் மூன்று ஊரார் தலைக்கட்டுப்படி சீட்டுப் போட்டு முறைவைத்து வலை கட்டுவார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளை வேறிடம். வலுத்தவன் இளைத்தவன் என்ற பேதமில்லை. பெயரிலேயே மாதாவை வைத்திருக்கும் ஊரும் ஆண்டியை வைத்திருக்கும் ஊரும் ஒரே தண்ணீரை இவ்வாறு பங்கிட்டுக்கொள்வதைப் பிறநாட்டு ஆராய்ச்சியாளர்களும் வந்து பார்த்துப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். புகழ்ச்சி தகும். ஆயினும் தலைக்கட்டில் பெயரில்லாதவனுக்கு அந்தத் தண்ணீரில் பாடு இல்லை. பிற ஊரார் அதற்காக வழக்காடியதும் உண்டு. உள்ளே எவ்வளவு நீதியோ வெளியே அவ்வளவு வேலி. இன்னும் கொடிய உதாரணமும் அதே ஏரிக்கரையிலேயே இருக்கிறது. 1613-இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டிக்கொண்ட டச்சுக்காரர், மதிலுக்கு உள்ளே வேதம் வாசித்துச் சகோதரராய் வாழ்ந்துகொண்டே, மதிலுக்கு வெளியே பஞ்சத்தில் அடிபட்ட மக்களை அடிமைகளாக வாங்கிப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். எங்கள் கூடத்தை அந்தக் கோட்டையோடு ஒப்பிடுவது மிகையே. மிகையாயினும் அந்த ஒப்பு சில இரவுகளில் என் மனத்தில் எழுந்ததுண்டு என்பதை மறைப்பானேன்?

2004ஆம் ஆண்டு 25ஆம் தேதி சனிக்கிழமை. நிலா ஏறக்குறைய முழுவட்டமாக ஏரியின்மேல் நின்றது. பிள்ளைகளையும் அழைத்து வந்திருந்தபடியால் அன்று வழக்கத்தைவிடப் பெரிய அண்டாவில் சோறாயிற்று. நிறைய மிஞ்சவும் செய்தது. பேச்சு நீண்டு, நானும் உபதேசியாரும் அங்கேயே படுத்துவிட்டோம். மறுநாள் ஞாயிறு காலை, வாத்தியார் பூசைக்குப் போய்த் திரும்பிய பிறகு, கடல் ஊருக்குள் வந்துவிட்டதென்று யாரோ சொன்னார்கள். கடல் எப்படி வரும் என்று நாங்கள் வாதிட்டுக்கொண்டிருக்கும்போதே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டில் இருக்கிற குப்பங்களிலிருந்து படகுகள் வரத் தொடங்கிவிட்டன. கையில் ஒன்றுமில்லாமல், தலையில் சேறு உலர்ந்த பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, பேச்சற்று வந்து நின்றவர்களில் இருபது முப்பது பேர் வாத்தியார் வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். யார் எவர் என்று ஒருவரும் கேட்கவில்லை. வாத்தியாரின் மனைவி அடுப்பை மூட்டி இரவுக் குழம்பைச் சுடவைத்தார். தண்ணீர் ஊற்றி வைத்திருந்த சோற்றைப் பிழிந்து வைத்தார். நானும் உபதேசியாரும் வாழையிலையைத் துடைத்துப் போட்டோம். பிள்ளைகள் தின்றார்கள், பெரியவர்களில் பலர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை, எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு, அந்த அம்மாளிடம் உபதேசியார் நெகிழ்ந்துபோய் ஏதோ சொன்னார். வசனம் நிறைவேறிற்று என்பது போன்ற வார்த்தை. அதற்கு அவர், “சோறு இருந்துச்சு, வெச்சேன், இதுல என்னா இருக்குது?” என்று சொல்லிவிட்டு அண்டாவைத் தேய்க்கப் போனார். அந்தச் சொல்லின் எளிமைக்கு முன் எங்கள் பத்தாண்டு வியாக்கியானம் நிற்கவில்லை. சோறு ஏன் இருந்தது? நண்பர்களுக்காக உலையேற்றியதால் இருந்தது. பழையவருக்கென்று பெரிதாக வாங்கிய அண்டாதான் புதியவர்க்கும் உதவிற்று. இந்த நினைப்பில் ஒருவிதத் திருப்தியோடு நான் அன்றிரவு பஸ் ஏறினேன்.

திருப்தி கும்மிடிப்பூண்டி வருவதற்குள் கலைந்துவிட்டது. வந்தவர்களை முதலில் உண்பித்து எஞ்சியதைத் தான் உண்கிறவனையே வள்ளுவர் போற்றினார். நாங்கள் செய்தது அதற்கு நேர்மாறு. பழையவர்களாகிய நாங்கள் சுடச்சுடப் புதியதை உண்டோம். விருந்தென்ற சொல்லுக்கு முற்றும் உரியவர்களாய் வந்தவர்களுக்குப் பழையதை வைத்தோம். அந்த நேரத்தில் வேறு வழியில்லை என்பது உண்மை. ஆனாலும் லூக்காவின் வாக்கியம் மிச்சத்தைக் கொடு என்று சொல்லவில்லை, அழை என்றுதான் சொல்கிறது. இதை நான் வாத்தியாருக்கு ஒரு கடிதமாக எழுதினேன். அவர் பதில் எழுதவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் வந்த அழைப்பில் மட்டும், இரண்டு நாள் தங்கும்படி வாருங்கள் என்று ஒரு வரி கூடியிருந்தது.

அந்த ஆண்டிலிருந்து 26ஆம் தேதியும் அந்த வீட்டில் உலை வைக்கப்படுகிறது. இறந்தவர்களை நினைத்துக் கடலில் பாலூற்றி மலர் தூவிவிட்டுத் திரும்புகிற குப்பத்துக் குடும்பங்கள் அங்கே வந்து உண்டு போகின்றன. அன்று காலை வடிக்கிற சோறு, அன்று காலை வைக்கிற குழம்பு. முதல்நாள் இலையில் அமர்ந்த நாங்கள் மறுநாள் வெங்காயம் உரிக்கிறோம். பாய் அடுப்படிக்குப் பொறுப்பு. சுவாமி மீன் தவிர எல்லாவற்றையும் அரிந்து தருவார். முதல் சில ஆண்டுகள் அந்தப் பந்தியில் பேச்சே இராது. இப்போது அப்படியில்லை. அன்று இடுப்பில் வந்த குழந்தைகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. அவர்களில் ஒருத்தி தன் குழந்தையின் பெயர்சூட்டுக்கு எங்கள் எல்லாருக்கும் பத்திரிகை வைத்தாள், நாங்களும் மொய் எழுதினோம்.

கடந்த ஆண்டு, பந்தி முடிந்து எல்லாரும் திண்ணையில் இருந்தபோது, உபதேசியார் முப்பதாண்டுக்கு முந்தைய தம் கேள்வியை மறுபடியும் எடுத்தார். முன்பின் தெரியாமல் வந்தவர்கள் இன்று உமக்கு உறவுக்காரர்களாகிவிட்டார்களே, பத்திரிகை வைக்கிறார்கள், திரும்ப அழைக்கிறார்கள், கணக்கு நேராகிவிட்டதே, இப்போது என்ன செய்வீர் என்றார். வாத்தியாருக்கு வயது எண்பதை நெருங்குகிறது, முழங்காலைத் தடவிக்கொண்டே, “விடமாட்டீரே ஐயா நீர்! இனிமேல் புதுசா நான் எவனைத் தேடிக்கிட்டுப் போறது?” என்று சலித்துக்கொண்டார். எல்லாரும் சிரித்தோம். கை கழுவுவதற்காக நான் எழுந்து கொல்லைப்புறம் போனேன். அன்றைய குழம்புக்கு இறால் கொண்டுவந்தவள், பழைய இறால்காரியின் மகளாம், காலிப் பறியைக் கவிழ்த்துக் கழுவி வைத்துவிட்டு, உள்ளே வேலையாயிருந்த அம்மாள் வெளியே வந்து காசு கொடுப்பதற்காக வாசற்படிக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தாள்.